ஒரு சட்டத்தில் 90 லட்சம் துளை! அதன் வழியே ஒரு பாட்டு! தெரியுமா?

தென்காசிப் பக்கம் ராயகிரியில் ஒரு கல்யாணம். சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது கையில் தாம்பூலப் பை வருகிறது. மஞ்சள் துணி, அதில் மணமக்கள் பெயர், தேதி, மண்டபம். அந்த எழுத்து எப்படி அச்சானது தெரியுமா? பெரும்பாலும் ஸ்கிரீன் பிரிண்டிங்! ஒரு சட்டம், இழுத்துக் கட்டிய வலை, ரப்பர் பட்டை பொருத்திய ஒரு கட்டை. அவ்வளவுதான்!

இதே சட்டம், இதே வலை, இதே கட்டையால் சென்னையில் புத்தகம் போடுகிறார்கள். ஒவ்வொரு பக்கமும் கையால் அச்சானது! ஒவ்வொரு பிரதிக்கும் தனி எண் உண்டு! அந்தப் புத்தகங்களுக்கு ஜப்பானில் ஓர் அருங்காட்சியகமே கண்காட்சி நடத்தியது! நம்ப முடிகிறதா?

முதலில் அந்த வலைக்குள் எட்டிப் பார்ப்போம். காகிதத்தில் அச்சடிக்க ஒரு சென்டிமீட்டருக்கு 120 இழை ஓடும் வலை வழக்கத்தில் உண்டு. நெடுக்கே 120, குறுக்கே 120. அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை துளை? 14,400! ஒரு ஏ4 தாள் அளவுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 90 லட்சம் துளைகள்! மை இறங்க வேண்டிய இடத்தில் மட்டும் துளை திறந்திருக்கும். மற்ற இடமெல்லாம் அடைபட்டிருக்கும். ரப்பர் கட்டையை ஒரே இழுப்பாக இழுத்தால், திறந்த துளைகளின் வழியே மை கீழே இறங்கிப் படமாகிவிடும்!

வலையை அடைக்கும் வேலையைச் செய்வது யார் தெரியுமா? வெளிச்சம்! வலை மேல் ஒரு ரசாயனப் பூச்சு தடவுகிறார்கள். படம் உள்ள பிலிமை அதன்மேல் வைத்து விளக்கைப் போடுகிறார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். படத்தின் கறுப்பு மறைத்த இடம் இறுகாது. தண்ணீரைப் பீய்ச்சினால் அந்த இடம் மட்டும் கரைந்து ஓடிவிடும்!

இந்த வலை ஒரு காலத்தில் அசல் பட்டு! இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் 1907-இல் பட்டுவலை அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். இப்போது பட்டின் இடத்தில் பாலியஸ்டர் வந்துவிட்டது. ஆனால் பெயர் விடுமா? இன்றும் உலகம் முழுக்க ‘சில்க் ஸ்கிரீன்’தான்!

அதற்கும் முன்னால்? ஜப்பானியர்கள் காகிதத்தில் பூவும் இலையும் வெட்டித் துணிக்குச் சாயம் ஏற்றினார்கள். வெட்டிய காகிதத்தின் நடுவே தொங்கும் துண்டுகள் விழுந்துவிடாதா? அதற்கு மெல்லிய பட்டு இழைகளைக் குறுக்கே ஓட்டிப் பிடித்துவைத்தார்கள்! சாயம் ஏறிய பிறகு அந்த இழை இருந்த தடயமே தெரியாது!

இப்போது ஒரு கணக்கு. ஒரு புத்தகத்துக்கு 16 தாள், தாளுக்கு 3 நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும், தனி இழுப்பு வேண்டும். ஒரு பிரதிக்கு 48 இழுப்பு! 2,000 பிரதிக்கு 96,000 இழுப்பு! நிமிடத்துக்கு ஐந்து இழுப்பு என்று ஒரே ஆள் மூச்சுவிடாமல் இழுத்தாலும் 320 மணி நேரம் ஆகும். தினம் எட்டு மணி நேர வேலை என்றால் 40 நாள்! இதில் மை காய வைப்பது, ஸ்கிரீன் கழுவுவது, தாளை மடிப்பது, தைப்பது, அட்டை ஒட்டுவது எதுவுமே சேரவில்லை!

அதைவிடப் பெரிய சவால் என்ன தெரியுமா? மூன்று நிறமும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். ஒரு நூல் நகர்ந்தாலும் படத்தில் இருக்கும் மானின் கண் கன்னத்துக்குப் போய்விடும்! ‘ரிஜிஸ்டர்’ பார்ப்பது என்று அச்சகத்தில் சொல்வது இதைத்தான். கண்ணும் கையும் பழகிய ஆளால்தான் இது முடியும். ஆயிரமாவது தாளிலும் முதல் தாளைப் போலவே கொண்டுவருகிறார்களே, அந்தக் கைகளைத்தான் முதலில் கும்பிட வேண்டும்!

சரி, சென்னையில் இதைச் செய்வது யார்? தாரா புக்ஸ்! 1994-இல் கீதா உல்ஃப் தொடங்கிய பதிப்பகம். கையால் அச்சிடும் பட்டறையின் பெயர் ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ். அதை வளர்த்தெடுத்தவர் ஆறுமுகம் என்ற அச்சுக் கலைஞர்.

அவர்களின் முதல் கைவேலைப் புத்தகம் பெரும் பசி கொண்ட ஒரு சிங்கத்தின் கதை. படம் இந்திரப்ரமித் ராய். மாதிரிப் பிரதியோடு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் புத்தகச் சந்தைக்குப் போனார்கள். கனடா நாட்டுப் பதிப்பாளர் ஒருவர் புரட்டிப் பார்த்தார். என்ன கேட்டார் தெரியுமா? ஆயிரக்கணக்கில் பிரதிகள்! அத்தனையும் கையால் அச்சடிக்க வேண்டும்! வேறு யாராக இருந்தாலும் மெஷினைத் தேடி ஓடியிருப்பார்கள். இவர்கள் கையாலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள்!

காகிதம்? அதுவும் கைவேலைதான்! பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிச் செய்த காகிதம். மரத்தை வெட்டாமல், வெட்டிப்போட்ட துணியிலிருந்து பிறந்தது!

இனி வருவதுதான் என்னை அசரவைத்த புத்தகம். பெயர் ‘சுனாமி’. 2009-இல் தாரா வெளியிட்டது. இதை எழுதியவர்கள் என்று சொல்வதா, வரைந்தவர்கள் என்று சொல்வதா, பாடியவர்கள் என்று சொல்வதா? மூன்றும் அவர்களே! மொய்னா சித்ரகார், ஜெய்தேவ் சித்ரகார் என்ற வங்காளத்துப் படக் கலைஞர்கள்.

இவர்கள் ‘படுவா’ மரபைச் சேர்ந்தவர்கள். நீளமான சுருளில் கட்டம் கட்டமாகக் கதையை வரைவார்கள். ஊர் ஊராகப் போய்ச் சுருளை மேலிருந்து கீழாக அவிழ்ப்பார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் காட்டிக்கொண்டே பாடுவார்கள்! சினிமா வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே ஓடிய சினிமா! இன்னொன்று தெரியுமா? படுவாக்களில் மிகப் பலர் முஸ்லிம்கள். அவர்கள் வரைந்து பாடுவதில் ராமனும் வருவான், மானசா தேவியும் வருவாள்! வியப்பாக இல்லை?

2004 டிசம்பர் 26. நம் கரையை அலை விழுங்கிய நாள். நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் குளச்சலும் தமிழர் எவரும் மறக்க முடியாதவை. அந்தத் துயரத்தை வங்காளத்துப் பாடகர்கள் சுருளில் வரைந்து பாட்டாகக் கட்டினார்கள். புராணக் கதை பாடிய அதே குரலில் நேற்றைய செய்தி! அந்தச் சுருளைத்தான் சென்னையில் ஸ்கிரீனில் அச்சடித்தார்கள். புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். இது புரட்டும் புத்தகம் அல்ல, விரிக்கும் புத்தகம்! மடிப்பு மடிப்பாக மேலிருந்து கீழே விரிந்துகொண்டே போகும். பாட்டு இறங்க இறங்கப் படமும் இறங்கும்! பாட்டையும் படத்தையும் பிரிக்கவே முடியாதபடி ஒரே தாளில் பிணைத்த இப்படி ஒரு புத்தகம் தமிழ் மண்ணில் அச்சானது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அடுத்த அதிசயம் கறுப்புக் காகிதம்! ‘மரங்களின் இரவு வாழ்க்கை’ என்ற பொருளில் ஆங்கிலத் தலைப்புக் கொண்ட புத்தகம், 2006-இல் வந்தது. மத்தியப் பிரதேசத்தின் கோண்ட் பழங்குடிக் கலைஞர்கள் மூவர் வரைந்தது: பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி. ஒவ்வொரு மரத்துக்கும் அருகே கவிதை போலச் சில வரிகள், ஒரு குட்டிக் கதை. பகலெல்லாம் எல்லோருக்கும் நிழல் கொடுத்து உழைத்த மரங்கள், ராத்திரியில்தான் தங்கள் சொந்த முகத்தைக் காட்டுமாம்!

கறுப்புத் தாளில் சாதாரண ஆப்செட் மெஷின் மை நிற்குமா? அந்த மெல்லிய மையைக் கறுப்பு விழுங்கிவிடும். ஸ்கிரீன் மை அப்படியல்ல. தாளின்மேல் கனமாக உட்காரும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் கிளை எங்கே, இலை எங்கே என்று சொல்லிவிடலாம்! புதுப் பிரதியைத் திறந்தால் மை வாசனையும் குபுக்கென்று வரும்!

இந்தப் புத்தகம் 2008-இல் இத்தாலியின் பொலோனியா குழந்தைகள் புத்தகச் சந்தையில் ‘புதிய எல்லைகள்’ விருதைத் தட்டி வந்தது! பிரெஞ்சு, இத்தாலியம், ஜப்பானியம் என்று பல மொழிகளுக்குப் போனது. அந்த மொழிப் பிரதிகள் எங்கே அச்சாயின தெரியுமா? பாரீஸிலும் இல்லை, டோக்கியோவிலும் இல்லை. நம் சென்னைப் பட்டறையில்தான்! ஒவ்வொரு முறை மறுபதிப்பு வரும்போதும் அட்டைக்கு வேறு படம், வேறு நிறம்! அதனால் ஒரே புத்தகத்தின் வெவ்வேறு அட்டைகளைத் தேடித்தேடிச் சேர்ப்பவர்களும் உண்டு!

இதை வரைந்த பஜ்ஜு ஷியாம் ஒரு காலத்தில் போபாலில் இரவுக் காவலாளியாக வேலை பார்த்தவர்! அதே கைக்கு 2018-இல் பத்மஸ்ரீ! துர்கா பாய்க்கு 2022-இல் பத்மஸ்ரீ!

இன்னொரு கதை கேளுங்கள். தேஜு பெஹன் என்றொரு பெண். கணவரோடு ஊர் ஊராகப் பாடித் திரிந்த பாடகி. நடுவயதில் பேனாவை எடுத்தார். கோடும் புள்ளியுமாக வரையத் தொடங்கினார். வண்ணமே இல்லை, வெறும் கறுப்பு மை! பாடித் திரிந்த தன் வாழ்க்கையையே வரைந்து வைத்தார். அதுவும் ஸ்கிரீனில் அச்சாகிப் புத்தகமானது. வாய்ப்பாட்டு, கோட்டுப்பாட்டு ஆன கதை!

சரி, ஒரு விடுகதை. ஒரு கவிதை. வரி வரியாகப் படித்தால் சுத்தப் பைத்தியக்காரத்தனம்! ஆனால் ஒரு வரியின் நடுவில் தொடங்கி அடுத்த வரியின் நடுவில் நிறுத்திப் படித்தால் அத்தனையும் நியாயமான பேச்சு! இப்படி ஒரு கவிதை உண்டா? உண்டு! 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாட்டார் கவிதை ஒன்று. நெருப்பு வாலோடு ஒரு மயிலைக் கண்டேன் என்று பிதற்றுவது போலத் தொடங்குவது. இதற்கு ராம்சிங் உர்வேதி படம் வரைந்தார். பிரேசில் நாட்டு வடிவமைப்பாளர் ஜோனதன் யமகாமி என்ன செய்தார் தெரியுமா? பக்கங்களில் ஓட்டை போட்டார்! ஓட்டை வழியே அடுத்த பக்கத்தின் சொற்கள் எட்டிப் பார்க்கும். பக்கம் திரும்பியதும் அதே சொற்கள் வேறு அர்த்தத்தில் நிற்கும்! இங்கிலாந்துக் கவிதை, மத்திய இந்தியப் படம், பிரேசில் மூளை, சென்னைப் பதிப்பு!

‘அடடே, இதெல்லாம் வெள்ளைக்காரன் வித்தையா?’ என்று கேட்டுவிடாதீர்கள். திருஞானசம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு பதிகம் பாடிவிட்டார். அதன் ஒவ்வொரு பாட்டையும் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றேதான்! பெயர் மாலைமாற்று. மூன்றாம் திருமுறையில் இருக்கிறது, இன்றைக்கும் ஓதுகிறார்கள்! பாம்புகள் பின்னிக்கொண்ட வடிவத்தில் எழுத்துகள் ஓடும் நாகபந்தம், தேர் வடிவத்தில் அடுக்கிய தேர்க்கவி... இவற்றுக்கெல்லாம் நம் புலவர்கள் வைத்த பெயரே சித்திரகவி! பாட்டே படம், படமே பாட்டு!

சித்திரம் என்றதும் நம் ஊர்ப் பக்கத்து அதிசயம் ஒன்றும் நினைவுக்கு வருகிறது. ராயகிரியிலிருந்து தென்காசி வழியாகக் குற்றாலம் போகிறவர்கள் அருவியில் தலையைக் காட்டிவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அங்கே சித்திர சபை இருப்பது தெரியுமா? நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் ஒன்று! திருவாலங்காட்டில் ரத்தினம், சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், குற்றாலத்தில் சித்திரம்! இங்கே ஆடும் நடராசர் செம்புச் சிலை இல்லை. சுவரில் தீட்டிய ஓவியம்! ஓவியத்துக்கே தீபாராதனை! சுற்றுச் சுவரெல்லாம் ஓவியங்கள்!

அதே குற்றாலத்தைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்துக்காரர். குற்றாலக் குறவஞ்சிக்காக அவருக்கு மதுரை நாயக்க மன்னர் நிலமே மானியமாகக் கொடுத்தார். அந்த நிலத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? குறவஞ்சி மேடு! ஒரு கவிதைப் புத்தகத்தின் பெயரில் ஒரு வயல்! உலகத்தில் வேறெங்கே கேட்டிருக்கிறீர்கள்?

கொஞ்சம் கடல் தாண்டுவோமா?

1875. பாரீஸ். அமெரிக்கக் கவி எட்கர் ஆலன் போவின் காக்கைக் கவிதையைப் பிரெஞ்சில் பெயர்த்தவர் கவிஞர் மல்லார்மே. படம் போட்டவர் ஓவியர் மானே. மொத்தம் 240 பிரதி, இருவரின் கையெழுத்தோடு! இன்று அருங்காட்சியகங்கள் பொத்திப் பாதுகாக்கும் அந்தப் புத்தகம் அன்று சரியாக விற்கவே இல்லை!

1913. இது இன்னும் பெரிய கூத்து. பிளேஸ் சாந்திரார் என்ற கவிஞர் சைபீரிய ரயில் பயணத்தைப் பற்றி ஒரு நெடுங்கவிதை எழுதினார். ஓவியர் சோனியா தெலோனே அதன் பக்கத்திலேயே வண்ணங்களை ஓடவிட்டார். விரித்தால் 2 மீட்டர் நீளம்! 150 பிரதி போடுவது என்று திட்டம். ஏன் 150? இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 300 மீட்டர்! எல்லாப் பிரதிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் ஈபெல் கோபுரத்தின் உயரம் வர வேண்டும் என்பதுதான் கணக்கு! அதன் வண்ணம் எப்படி ஏறியது தெரியுமா? வெட்டிய தகட்டின் வழியே கையால் தடவித் தடவி! ஸ்கிரீன் பிரிண்டிங்குக்குப் பெரியப்பா முறை!

1947. பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ். பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு நின்று வரைய உடம்பு ஒத்துழைக்கவில்லை. சோர்ந்தாரா? கத்தரிக்கோலை எடுத்தார்! வண்ணக் காகிதத்தை வெட்டி வெட்டியே 20 படங்கள் செய்தார். அதே தகட்டு முறையில் அவை அச்சாயின. கூடவே தன் எண்ணங்களைத் தூரிகையால் பெரிய பெரிய எழுத்தில் எழுதினார். ‘ஜாஸ்’ என்ற அந்தப் புத்தகத்தின் விற்பனைப் பிரதிகள் வெறும் 250! ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்து!

1962-இல் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் நடிகை மர்லின் மன்றோவின் முகத்தை ஸ்கிரீனில் அச்சிட்டார். ஒரே ஓவியத்தில் 50 மர்லின்! அதன்பின் ஸ்கிரீன் பிரிண்டிங்கைக் கடைத்தெரு வேலை என்று ஒதுக்குவது எளிதாக இல்லை. 1967-இல் இங்கிலாந்தில் ரொனால்ட் கிங் என்ற கலைஞர் 14-ஆம் நூற்றாண்டுக் கவி சாசரின் வரிகளுக்கு ஸ்கிரீன் படங்கள் போட்டார். கவிதையில் வரும் யாத்திரிகர்கள் ஒவ்வொருவரும் ஒரு முகமூடியாக மாறியிருந்தார்கள்!

கொல்கத்தாவுக்கு ஒரு நடை. 1958-இல் பி.லால் தொடங்கிய ரைட்டர்ஸ் வொர்க்‌ஷாப் கவிதை நூல்களுக்கு என்ன அட்டை தெரியுமா? கைத்தறிச் சேலைத் துணி! அதன்மேல் தலைப்பு லாலின் அழகான கையெழுத்தில்!

யாழ்ப்பாணத்துக் கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இது ஸ்கிரீனும் அல்ல, கவிதையும் அல்ல. ஆனாலும் கலைஞர் ஒருவர் படைத்த புத்தகம். ஓவியர் தா.சனாதனன் போரில் இடம்பெயர்ந்தவர்களிடம் போனார். ‘நீங்கள் விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து தாருங்கள்’ என்று கேட்டார். அடுப்படி எங்கே, கிணறு எங்கே, சாமியறை எங்கே என்று அவர்கள் வரைந்தார்கள். அந்த வரைபடங்களும் கலைஞரின் ஓவியங்களும் சேர்ந்து 2011-இல் ஒரு புத்தகமாயின. நிலப் பதிவேடான ‘தோம்பு’தான் அதன் பெயரில் இருக்கிறது, அதுவும் முற்றுப்பெறாத தோம்பு! நாற்காலியும் மரமும் இருந்த இடத்தைக்கூட மறக்காமல் குறித்துக் கொடுத்த கைகள் அவை!

கலைஞர் கையெழுத்துப் போட்ட படங்களில், ஓரத்தில் பென்சிலால் 7/250 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பின்னக் கணக்கு இல்லை! மொத்தம் 250 பிரதி, உங்கள் கையில் இருப்பது ஏழாவது! ஏன் பென்சில்? அச்சு மைக்கு நடுவே இது கையால் எழுதியது என்று பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக! சில படங்களில் எண்ணுக்குப் பதில் ‘ஏ.பி.’ என்று இருக்கும். கலைஞர் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்ட பிரதி அது!

251-ஆவது பிரதி ஏன் வராது? ஸ்கிரீனைக் கழுவிவிடுவார்கள்! வலையில் இறுகிய பூச்சு கரைந்து ஓடிவிடும். மரமும் அலையும் அதோடு போய்விடும். வெறும் வலை அடுத்த படத்துக்குத் தயாராகிவிடும்! மறுபடி அச்சிட வேண்டுமானால் பூச்சு, பிலிம், வெளிச்சம் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

2017-இல் டோக்கியோவின் இதாபாஷி கலை அருங்காட்சியகம் தாரா புத்தகங்களுக்கென்றே கண்காட்சி வைத்தது. அதற்குப் பிறகு அது ஜப்பானின் வேறு ஊர்களுக்கும் போனது! அவ்வளவு தூரம் போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. சென்னை திருவான்மியூரில் தாராவின் ‘புக் பில்டிங்’ இருக்கிறது. அடுத்த முறை தென்காசியிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்குப் போனால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு ஒரு பிரதியை எடுங்கள். மையைத் தடவிப் பாருங்கள். பிறகு எண்ணைத் தேடுங்கள். உங்களுக்கு வாய்த்தது எத்தனையாவது பிரதி?